பதினொன்று, இடமிருந்து வலம்

மற்ற வீடுகளுக்குச் செய்தித்தாள் காலையில் சைக்கிளில் வந்து விழும். எங்கள் வீட்டுக்கு மூட்டையாக, எடை போட்டு வரும். சணல் கயிற்றை அறுத்தால் போதும், போன வருடம் மொத்தமும் தரையில் சரிந்துவிடும்.

சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. தெருவில் பாதி வீடுகளில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலை. மருந்து, திரி எல்லாம் கம்பெனியோடு சரி. வீட்டுக்கு வருவது பழைய பேப்பரும் ஒரு கம்பியும்தான். தாளைப் பாதியாகக் கிழித்து, கம்பியில் சுற்றி, பலகையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஓரத்தில் மைதாப் பசை தொட்டுக் கம்பியை உருவினால், சுண்டுவிரல் பருமனில் வெற்றுக் குழாய். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டிலிருந்து வரும் மாமாவின் மனைவியான அத்தை, மூன்று பேரும் பேசிக்கொண்டே உருட்டுவார்கள்.

அதில் ஒரு பழக்கம். எங்கள் வீட்டில் யாரும் தாளைப் படிக்காமல் உருட்டியதில்லை. சித்தி ஒரே பார்வையில் மேய்ந்துவிடுவாள். அம்மா எழுத்துக்கூட்டுவாள். படிக்கத் தெரியாத அத்தைகூடப் படங்களையாவது பார்த்துவிட்டுத்தான் கம்பியை வைப்பாள். “யாரு வீட்டுச் சேதியோ, பாக்காம உருட்டுனா பாவம்” என்பது அத்தையின் கட்சி.

இதனால் நாங்கள் எப்போதும் ஒரு வருடம் பின்தங்கியே வாழ்ந்தோம். ஊரெல்லாம் மறந்துபோன கிரிக்கெட் தோல்விக்கு எங்கள் வீட்டில் புதிதாக வருத்தப்பட்டார்கள். ஒருமுறை நான் கனமழை எச்சரிக்கையைச் சத்தமாக வாசித்ததும், அத்தை பதறி ஓடிப்போய் மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வத்தல் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. “போன வருசத்து மளைக்கு இந்த வருசம் வத்தல் அள்ளுன ஒரே ஆளு எங்க மதினிதான்” என்று சித்தி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு அப்போது நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறை. மாமாவின் சட்டைப்பையில் இருந்ததுதான் எங்கள் தெருவின் ஒரே கைப்பேசி. அப்பா வெடி லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போய்விட்டால் எப்போது திரும்புவார் என்பது லாரிக்கே தெரியாது. வீட்டில் என் பொறுப்பு குறுக்கெழுத்து. மூட்டையில் எந்தப் பக்கத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தென்பட்டாலும் கிழித்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். நாளுக்கு ஒன்று. நான் குறிப்பை வாசிப்பேன், அவர்கள் உருட்டிக்கொண்டே விடை சொல்வார்கள், நான் பென்சிலால் நிரப்புவேன். சில கட்டங்களை எங்களுக்கு முன்பே யாரோ பச்சை மையில் பாதி நிரப்பியிருப்பார்கள். முகம் தெரியாத அந்தப் பச்சை மைக்காரர் பெரும்பாலும் தப்பாகத்தான் எழுதியிருப்பார். “பச்சை மை இன்னைக்கும் பெயிலு” என்று அம்மா சொல்லும்போது அவளுக்கு அத்தனை பெருமையாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

ஒரே ஒரு சிக்கல். விடை மறுநாள் தாளில்தான் வரும். எங்களுடைய ‘மறுநாள்’ மூட்டையில் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. பாதி நேரம் அதை ஏற்கெனவே உருட்டியிருப்போம். எங்களுடைய சரியும் தப்பும் தீபாவளிக்கு எந்த ஊரிலோ, யார் வீட்டு வாசலிலோ வெடித்துச் சிதறும். ஆகவே எங்கள் வீட்டில் விடை என்பது வாக்கெடுப்புத்தான். மூன்று பேர் ஒத்துக்கொண்டால் சரி.

குறுக்கெழுத்திலிருந்து வீட்டுக்குள் ஒரு பாஷையே உண்டாகியிருந்தது. எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும் விடைக்குக் ‘குழம்பியிருக்கிறது’ என்றும், தலைகீழாகக் கிடக்கும் விடைக்குத் ‘திரும்பியிருக்கிறது’ என்றும் குறிப்பில் போட்டிருப்பார்கள். சோறு குழைந்தால் ‘குழம்பியிருக்கிறது’. அப்பா ஊருக்கு வந்தால் ‘திரும்பியிருக்கிறார்’. மாமாவைப் பற்றிச் சித்தி சொல்வது மட்டும் கொஞ்சம் நீளம். தமிழ்க் குறுக்கெழுத்தில் சில சொற்கள் கீழிருந்து மேலாகப் போகும் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டு, “எங்க அண்ணன் கீளிருந்து மேலு. நேரா வாசிச்சா ஒரு எளவும் புரியாது” என்பாள். மாமா வேண்டாம் என்று சொன்னால் பசிக்கிறது என்று அர்த்தம். திட்டினால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கலாம்.

மாமா அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். கம்பெனியில் போர்மேன். தாத்தா போன பிறகு இரண்டு வீட்டுக்கும் அவர் சொல்தான் சொல். அவருடைய மீசை அந்தச் சொல்லைவிடப் பெரியது.

அந்த மீசையில்தான் வந்தது வினை. சித்தி பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். விருதுநகரில் கல்லூரி சேர வேண்டும் என்பது அவள் ஆசை. காலையில் பஸ், சாயங்காலம் பஸ், இடையில் தமிழ் இலக்கியம். அவள் பரீட்சை முடிவு வரும் முன்பே, பங்குனிப் பொங்கல் விருந்தில், உறவுக்காரர் ஒருவர் பந்தியில் வைத்து, “என்னப்பா, தங்கச்சியக் காலேசுக்கு அனுப்பப் போறியாமே, நம்ம ஆளுகள்ல இல்லாத பளக்கமா?” என்று கேட்டிருக்கிறார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த மாமா பந்தி மொத்தமும் கேட்கும்படி, “எங்க வீட்டுப் பொம்பளப்பிள்ள பஸ் ஏறிப் படிக்கப் போகாது. போனா இந்த மீசைய எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பாயசம் குடித்தாரா என்று தெரியவில்லை. அம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். “சொன்ன சொல்லு என்னாகுறது?” என்ற ஒரே பதில்தான். கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தி மாமாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். குறுக்கெழுத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

அன்று ஒரு புதன்கிழமைத் தாளின் கட்டம் கிடைத்தது. காலையிலேயே முக்கால்வாசி நிரம்பிவிட்டது. மாமா வேலைக்குக் கிளம்ப, எங்கள் வாசலில் நின்று தூக்குவாளியை மொபெட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன்.

“பதினொன்று, இடமிருந்து வலம். இது தளர்ந்தால் நாடு தளரும். மூணு எளுத்து. முதல் எளுத்து உ, கடைசி எளுத்து வு.”

“உளவு” என்றாள் சித்தி, தலை நிமிராமல்.

“உளவுதான்” என்றார் மாமா வாசலிலிருந்து. “அதுல என்ன ரோசன? உளவேதான்.”

“உளவுன்னே எளுது பாப்பா” என்றாள் அம்மா.

மூன்று பேர். வாக்கெடுப்பு முடிந்தது. மாமாவும் சித்தியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்ப் பல வாரம் ஆகியிருந்ததால் எனக்கு ஒரே குஷி. உ, ள, வு என்று அழுத்தி எழுதினேன்.

மதியம் மேற்கே வானம் கறுத்து உறுமியது. இடி மின்னல் என்றால் கம்பெனியில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மாமா சீக்கிரமே வந்துவிட்டார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, சொம்பைக் கையில் வைத்தபடியே என் தோளுக்கு மேலாகக் கட்டத்தை எட்டிப் பார்த்தார்.

“ஏ பாப்பா, என்னத்த எளுதி வச்சிருக்க? இது எந்த உளவு?”

“நீங்கதான மாமா சொன்னீக?”

“நான் சொன்னது உளவு. இது உளவுல்ல எளுதிருக்க!”

எல்லோர் கையும் நின்றது. அத்தை மாமாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வெயிலில் நின்று வந்தவர் ஆயிற்றே என்ற பார்வை.

சித்திக்குத்தான் முதலில் உறைத்தது. “எந்த ளா-ண்ணே? வாளப்பள ளாவா, பள்ளிக்கூட ளாவா?”

“வாளப்பள ளா!”

“ரெண்டும் ளாதான புள்ள?” என்றாள் அத்தை.

“இல்ல மதினி. அண்ணன் சொல்றது மாட்டு உளவு, ஏர் ஓட்டுறது. நான் சொன்னது போலீஸ் உளவு, ஒளிஞ்சு பாக்குறது. அதுக்கு வந்து, உ… ழ…” என்று சித்தி நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டவைத்து, கழுத்து நரம்பு புடைக்க ஒரு ழகரத்தை வெளியே கொண்டுவந்தாள்.

“பாத்து, நாக்கு சுளுக்கிக்கிறப் போகுது” என்றாள் அத்தை.

நான் கட்டத்தைப் பார்த்தேன். அந்த நடுக்கட்டத்தை மேலிருந்தோ கீழிருந்தோ எந்தச் சொல்லும் வெட்டவில்லை. மேலும் கீழும் கறுப்பு. ளவா ழவா என்று சொல்ல அந்தத் தாளில் ஒரு சாட்சியும் இல்லை.

“உளவு தளந்தா நாடு தளரும். பச்சப்பிள்ளைக்கும் தெரியும்” என்றார் மாமா. “எங்கப்பா காலம் பூரா அடுத்தவன் காட்டுல உளுதாரு. அவரு உளுகலேன்னா அந்த ஊரு என்ன தின்னுருக்கும்?”

“அவருக்குப் பெறகு நம்மள்ல யாருண்ணே உளுதாக? அம்புட்டுப் பேரும் கம்பெனியிலதான கெடக்கோம். நாடு தளந்துருச்சா?”

மாமா சொம்பைக் கீழே வைத்தார்.

“எதிராளி என்ன செய்றான்னு தெரியாமப் போனா ராசா என்னாவாரு? அதான் உளவு” என்றாள் சித்தி.

“ஒளிஞ்சு பாக்குறதெல்லாம் ஒரு பொளப்பா?”

“நம்ம தெருவுல அதுக்கு ஆள் பஞ்சமே இல்லண்ணே” என்று அம்மா நடுவில் புகுந்து சிரிப்பு மூட்டப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

“நாலு எளுத்துப் படிச்சிட்டா அண்ணனுக்கே பாடம் எடுக்கச் சொல்லும்” என்றார் மாமா.

“நாலு எளுத்தோட நிப்பாட்டிட்டீகள்ல. பெறகென்ன?” என்றாள் சித்தி. பேச்சு ஏரையும் போலீசையும் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது என்பது எனக்கே தெரிந்தது.

 மாமா மூட்டைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். கோபத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருக்கிறது. தாள்களை மேலும் கீழுமாகப் புரட்டினார், ஒன்றை உருவினார், முட்டியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் கம்பியை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குழாய் உருட்டினார்.

அது ஒரு காட்சி. ஒரு பக்கம் தொப்பை, மறுபக்கம் இடுப்பு. பசை மீசையில் அப்பியிருந்தது. கம்பியை உருவியதும் குழாய் பெருமூச்சு விட்டதுபோல இன்னும் கொஞ்சம் விரிந்தது. அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“ஏண்ணே, இதுக்குள்ள வெடி வைக்கவா, கண்ணு வச்சுப் பாக்கவா?”

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சித்திகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமா குழாயைப் பிடுங்கிக் கூடைக்குள் அடியில் செருகினார். வாசலில் ஆரன் சத்தம். மழைக்கு முன்னால் சரக்கைச் சேர்த்துவிட வேண்டும் என்று, குழாய்களைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியின் வண்டி அன்று முன்கூட்டியே வந்துவிட்டது. கூடையை ஏற்றிக்கொண்டு அது போகும்வரை மாமா வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

“சரி புள்ள” என்றார். “பந்தயம் வச்சுக்கிருவமா?”

“என்ன பந்தயம்?”

“பேப்பர்காரன் என்ன போட்டிருக்கானோ அதுதான் தீர்ப்பு. மாட்டு உளவுன்னா, நான் காட்டுற மாப்பிளைக்கு மறுபேச்சுப் பேசாமக் களுத்த நீட்டணும். போலீஸ் உளவுன்னா நீ விருதுநகர் போ. படி.”

“என்னண்ணே இது? கட்டம் போடுறதுக்கும் கல்யாணத்துக்கும் முடிச்சுப் போடுறீக?” என்று அம்மா எழுந்தே விட்டாள்.

சித்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசை காய்ந்து விரல்கள் வெளுத்திருந்தன. அவளுக்கு விடை நிச்சயமாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்போதுதான், தெரியாது என்று தெரிந்தது. ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு எழுத்துக்கு விருதுநகர் பஸ், இன்னொரு எழுத்துக்கு மாலை.

“மீசை?” என்றாள்.

“என்ன மீசை?”

“பந்தியில சொன்னீகள்ல.”

“சொன்ன சொல்லு சொல்லுதான்” என்று மாமா மீசையைத் தடவினார். பசை பிசுபிசுத்தது.

“சரி” என்றாள் சித்தி.

நாங்கள் மூட்டையைக் கவிழ்த்து வியாழக்கிழமையைத் தேடினோம். செவ்வாய் இருந்தது, வெள்ளி இருந்தது, மலையாளத்தில் ஒரு ஞாயிறுகூட இருந்தது. அந்த வியாழன் மட்டும் இல்லை.

“உருட்டியாச்சு” என்றாள் அம்மா. “வண்டியில போயிருச்சு.”

“கிட்டங்கியிலதான கெடக்கும். வாங்க” என்று மாமா அதற்குள் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். முன்னால் நான், நடுவில் மாமா, பின்னால் சித்தி. பேசாமலிருந்த இரண்டு பேர் ஒரே வண்டியில் போவதைப் பார்க்கத் தெரு வாசலுக்கு வந்தது. எதிர்க்காற்றில் புழுதி கண்ணை அறுத்தது. எனக்கு அந்த விடுமுறையிலேயே அதுதான் மிகச் சிறந்த நேரம்.

நாரணாபுரம் கிட்டங்கியில் கூரை முட்டக் குழாய்க் கூடைகள். கணக்குப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன போர்மேன், குடும்பத்தோட வந்துருக்கீக?”

“ஒரு சொல்லத் தொலச்சிட்டோம்ணே.”

“சொல்லயா?”

“மூணு எளுத்து” என்றேன் நான்.

எங்கள் கூடையின் காதில் அம்மாவின் நீலச்சேலைக் கிழிசல் கட்டியிருக்கும். உடனே கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளே எத்தனை குழாய்கள்! எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பித்தால் கணக்குப்பிள்ளை எங்களைப் பிரித்துவிடுவார். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. குறுக்கெழுத்து விடை வரும் பக்கத்தில்தான் விருதுநகர் மார்க்கெட் நிலவரமும் வரும். மல்லி, வத்தல், உளுந்து, நல்லெண்ணெய். குழாயின் வெளிச்சுற்றில் அந்தச் சொற்களில் ஏதாவது எட்டிப் பார்க்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். “இதுதான் சித்தி உளவு!” என்று கத்தினேன்.

ஒரு குழாயில் மல்லி. பிரித்தால் செவ்வாய்க்கிழமை. ஒன்றில் வத்தல். அது திங்கள். ஒன்றில் ‘உளு’ என்று தெரிந்து பாய்ந்து பிரித்தால், மணமகன் தேவை. “சீசன் நேரத்துல உருட்டுனதப் பிரிக்கிற குடும்பத்த இப்பத்தான் பாக்கேன்” என்று கணக்குப்பிள்ளை புலம்பிக்கொண்டே இருந்தார். சித்தி குழாய் குழாயாகத் திருப்பிப் பார்த்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுந்தது.

மாமா தேடவே இல்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

“அடியில பாத்தியா பாப்பா?” என்றார், திரும்பாமலே.

கூடையில் தோள் வரை கையை விட்டேன். பருமனாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். ஒரு பக்கம் தொப்பை, மறுபக்கம் இடுப்பு.

“ஐய! இது மாமா குளாயி!” என்று தூக்கிக் காட்டினேன். கணக்குப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. “போர்மேன் உருட்டுனதா இது? கம்பெனியில வெளிய சொல்லாதீக.”

அதன் தொப்பையில் ‘நல்லெண்ணெய்’ என்று அச்சடித்திருந்தது. பிரிப்பதற்கு வேலையே இல்லை, தொட்டதும் தானாகவே விரிந்தது. மேலே நாங்கள் தேடிய வியாழன். நடுவில் மார்க்கெட் நிலவரம். மூலையில், தீப்பெட்டி அளவுக்கு, ‘நேற்றைய விடை’.

பதினொன்றாம் கட்டத்தில் விரலை வைத்தேன். உ. பக்கத்தில், கொம்பும் சுழியும் தெளிவாக, பள்ளிக்கூட ள.

“போலீஸ் உளவு! சித்தி, போலீஸ் உளவு! பள்ளிக்கூட ளா!”

நான் கிட்டங்கியைச் சுற்றி ஓடினேன். எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கணக்குப்பிள்ளை கேட்க, “உளவுன்னு வந்துருக்கு” என்றேன். “உளவுதான? அதுல என்ன சந்தேகம்?” என்றார். அவர் எந்த உளவைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

சித்தி மட்டும் குதிக்கவில்லை. இரண்டு கையிலும் அந்தத் தாளை விரித்துப் பிடித்தபடி நின்றாள். விடையைப் பார்த்தாள். தாளின் சுருக்கங்களைப் பார்த்தாள். ஓரத்தில் அள்ளி அப்பியிருந்த பசையைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

“அண்ணே” என்றாள். பல வாரத்துக்குப் பிறகு, குறுக்கெழுத்துக்கு வெளியே. “நீங்க இத உருட்டும்போது…”

“மளை வலுத்துரும். வண்டியில ஏறு” என்றார் மாமா.

திரும்பி வரும்போது மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். தாளை மறுபடி அதன் சுருக்கத்திலேயே சுருட்டி என் கவுனுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டேன். சித்தி பின்னாலிருந்து மாமாவின் தோளில் கை வைத்திருந்தாள். டீக்கடையில் ஒதுங்கியவர்களைப் பார்த்து மாமா தேவைக்கு அதிகமான சத்தத்தில், “தோத்துட்டேம்ப்பா! பேப்பர்லயே போட்டுட்டான், நான் என்ன செய்ய?” என்று கத்திக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

மறுநாள் காலையில் சலூனுக்குப் போய்விட்டு வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினார். அத்தை திறந்து, “யாரு வேணும்?” என்றாள். மீசை இருந்த இடம் உரித்த முட்டைபோல வெளுத்திருந்தது. தெருவே கூடிவிட்டது. “பேப்பர்காரன் எடுத்துட்டான் என் மீசைய” என்று மாமா ஒவ்வொருவரிடமும் காட்டினார். பந்தியில் கேள்வி கேட்ட உறவுக்காரர் வந்தபோது அவரே தாடையைத் தூக்கிக் காட்டினார். “சொன்னேன்ல, செஞ்சுட்டேன். பெறகென்ன?” அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

என் பங்குக்கு நானும் கதையைப் பரப்பினேன். கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன். “மாமா தோத்த விடைய மாமாவே உருட்டிக் கூடையில போட்டுருக்காரு! கையில வச்சிருந்தும் பாக்கவே இல்ல! எம்புட்டுக் கோட்டிக்காரரு பாருங்க!” எல்லோரும் சிரித்தார்கள். மாமா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, “கோட்டிதான் பாப்பா, சந்தேகமே இல்ல” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அன்று மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டி மறைக்க மறைக்க, அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அந்தக் குழாயை நான் கூடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மா சொன்னது சரிதான், கண் வைத்துப் பார்க்க அது அருமையான குழாய். விடுமுறை முடியும்வரை அதை வைத்துத் தெருவையே உளவு பார்த்தேன். யார் வீட்டில் யார் எட்டிப் பார்க்கிறார்கள், எந்தக் கோழி எந்தக் கூரையில் முட்டை இடுகிறது, எல்லாம் தெரியும். மாமா யாரும் இல்லாத நேரத்தில் மீசையை முறுக்கக் கையை உயர்த்தி, உதட்டில் எதுவும் சிக்காமல் கையை இறக்குவதை அதன் வழியாகப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

கல்லூரி திறந்த அன்று பஸ் நிறுத்தத்துக்கு எல்லோரும் போனோம். பஸ் நிற்பதற்குள் மாமா ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சித்திக்கு இடம் பிடித்தார். டிபன் டப்பாவை அவரே ஏற்றினார். “கூட்டத்துல முண்டாத. சாயங்காலம் நேரா வீட்டுக்கு வரணும், ஆமா” என்று அதட்டினார். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மனதில் ரொம்ப நாளாகக் கிடந்ததைக் கேட்டேன்.

“சித்தி, அன்னைக்கு ஜெயிச்சது நீதான? நீ மட்டும் ஏன் சிரிக்கவே இல்ல?”

சித்தி கையை நீட்டிக் குழாயின் மறுவாயை மூடினாள். எல்லாம் இருட்டானது. கையை எடுத்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

“வீட்டுக்குப் போயி அதப் பிரிச்சு, கீளிருந்து மேல வாசிச்சுப் பாரு” என்றாள்.

பஸ் போனதும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். குழாயைப் பிரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்து, அந்தத் தீப்பெட்டி அளவுக் கட்டத்தைக் கீழிருந்து மேலாக வாசித்தேன். ஒவ்வொரு வரிசையாக, விரல் வைத்து, இரண்டு தடவை. ஒரு சொல்லும் வரவில்லை. பதினொன்றைத் திருப்பிப் போட்டால் வுளஉ என்று வந்தது. அப்படி எந்த அகராதியிலும் இருக்க முடியாது. மார்க்கெட் நிலவரத்தையும் கீழிருந்து மேலாகப் படித்துப் பார்த்தேன். நல்லெண்ணெயில் ஆரம்பித்து மல்லியில் முடிந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவு சாதாரணக் கட்டத்தையே தப்பாகப் படிக்கிற சித்தி, விருதுநகரில் போய் என்ன படித்து எப்படித் தேறப் போகிறாளோ என்று எனக்கு உண்மையாகவே கவலையாகிவிட்டது.